எங்கள் வீட்டு வசனம்

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இது என் வீட்டுக்காரர் அருமைநாயகத்தின் டைரி. ஜூன் முப்பது வரைக்கும் அவர் எழுத்து இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஐயர் என்ன பிரசங்கம் செய்தார் என்று இரண்டு வரி எழுதி வைப்பார். எங்கள் பக்கம் சபைக் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். அதற்கப்புறம் பக்கமெல்லாம் வெள்ளை. ஜூலை ஒன்பதாம் தேதி டெங்குக் காய்ச்சலில் அவர் போய்விட்டார்.

நேற்று நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்தது. புறப்படும்போது ஐயரம்மா என் கையைப் பிடித்து, "சொர்ணபாய், யார்ட்டயும் சொல்ல முடியாதத எழுதிப் போடுங்க. ஆண்டவர் படிச்சிக்கிடுவார்" என்றார்கள். நான் அஞ்சாம் வகுப்பு. ஆண்டவர் பிழை பார்க்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

இன்றைக்கு அரை ஆழாக்கு அரிசிதான் போட்டேன். அதிலும் மிஞ்சிவிட்டது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வேலைக்குப் போனேன். மிஷன் பள்ளிக்கூடத்துப் போர்டிங்கில் நூற்றுப் பத்துப் பெண்பிள்ளைகள். நானும் வயலட்டும்தான் சமையல். பதினாலு வருசமாக ஒரே அடுப்படி. வீடும் பக்கத்து வீடு, நடுவில் ஒரே சுவர். அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் ஒரு சின்ன ஜெபம் பண்ணுவோம். வயலட்தான் பண்ணுவாள், அவளுக்கு வார்த்தை வரும்.

அவள் வீட்டுக்காரர் கோயில்பிள்ளைக்கும் அதே காய்ச்சல்தான். அதே வாரம். ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டில். சபையில் இரண்டு பேரையும் ஒன்றாகச் சொல்லித்தான் ஜெபித்தார்கள். அருமைநாயகத்தையும் கோயில்பிள்ளையையும் தொடும் ஆண்டவரே என்று. ஜெபம் ஒன்றுதான். ஒருவர் வீட்டுக்கு வந்தார்.

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது வயலட் சொன்னாள்: "யக்கா, இந்த மனுசன்கூட என்னால மல்லுக்கட்ட முடியாது. ரசத்துல புளி இல்லங்காவ, துவையல் நைசா இல்லங்காவ. ஆஸ்பத்திரில கெடக்கையில பச்சப்புள்ள மாதிரில்லா இருந்தாவ."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். குறை சொல்ல ஆள் இருந்தால் எதையும் குறை சொல்லலாம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அக்டோபர் பதின்மூன்றில் அறுப்பின் பண்டிகை என்று ஐயர் அறிவித்தார். அன்றைக்கு வயலட் சாட்சி சொல்லப்போகிறாளாம். புருஷனைப் பிழைக்க வைத்த ஆண்டவருக்குச் சபைக்கு முன்னால் நன்றியாக.

கோயில் வாசலில் எல்லாரிடமும், "எங்க வசனம் அப்படியே நெறவேறிட்டுல்லா" என்றாள்.

வசனம் என்றால் வாக்குத்தத்த அட்டை. புத்தாண்டு காலை ஆராதனை முடிந்ததும் ஒரு தாம்பாளத்தில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வீட்டுக்கு ஒருவர் போய் ஜெபம் பண்ணி ஒன்றை எடுக்கவேண்டும். அதில் இருப்பதுதான் அந்த வருசத்துக்கு அந்த வீட்டுக்கு ஆண்டவர் கொடுத்த வார்த்தை. வாசல் நிலைக்கு மேலே ஒட்டி வைப்போம். வயலட் வீட்டு அட்டையில், சாக மாட்டாய், பிழைத்திருப்பாய் என்று பொருள்படும் வசனம். எங்கள் வீட்டு அட்டையில், நான் கூடவே இருப்பேன் என்று வரும்.

கூடவே இருந்தாராம். இருந்து பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

இதை எழுதியிருக்கக் கூடாது. அடிக்கவும் மனசில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

கருவேப்பிலை கொடுக்க வயலட் வீட்டுக்குப் போனேன். அவள் உள்ளே இருந்தாள். நான் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். இன்றைக்குக் கண்ணாடி போட்டிருந்தேன். அட்டையில் வசனத்துக்குப் பக்கத்தில் ஒரு படம். பிளந்த மாதுளம்பழம், உள்ளே முத்து முத்தாகச் சிவப்பு.

கருவேப்பிலையை நடையில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

புத்தாண்டு அன்றைக்குக் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனேன். அட்டையை எடுத்துத் திருப்பினேன். எழுத்து தெரியவில்லை, படம் தெரிந்தது. மாதுளம்பழம். வாங்கித் தின்று எவ்வளவு நாளாயிற்று என்று அந்த இடத்திலேயே நினைத்தேன், புத்தி அப்படி. அப்புறம் எல்லாருக்கும் காப்பி ஊற்றப் போனபோது அட்டையை வயலட் கையில் கொடுத்தேன். அவளுடையதும் அவள் கையில் இருந்தது. காப்பி முடிந்து அவள் எனக்கு ஒன்றைத் தந்தாள். அத்தான், என் வீட்டுக்காரர்தான், அதைப் பசை தடவி ஒட்டினார்கள்.

எங்கள் வாசலில் இருப்பது ஆட்டுக்குட்டிப் படம். அத்தான் வசனத்தை வாசித்துச் சொன்னதோடு சரி, படத்தை இன்றைக்குத்தான் அண்ணாந்து பார்க்கிறேன்.

எங்கள் வீட்டு வசனம் அவள் வீட்டில் இருக்கிறது.

செப்டம்பர் 1, ஞாயிறு

திருவிருந்து ஞாயிறு, ஐயர் அப்பமும் ரசமும் தருகிற நாள். மனசில் ஒருத்தர் மேல் கசப்பை வைத்துக்கொண்டு அப்பத்துக்குக் கை நீட்டக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். நான் எழும்பவில்லை. வயலட் என் முழங்கையைத் தொட்டு, "வாங்கக்கா" என்றாள். முழங்கால் வலி என்றேன்.

முழங்கால் வலிக்கவில்லை.

செப்டம்பர் 4, புதன்

காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் கோயில்பிள்ளை துண்டைக் காணோம் என்று கத்தினார். வெகுநேரம் கத்தினார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

பாசிப்பருப்பு சாம்பார். வயலட் உப்புப் போட்டுக் கலக்கிவிட்டுப் பால்காரர் வந்தார் என்று வெளியே போனாள். அண்டாவுக்குப் பக்கத்தில்தான் நான் நின்றேன். உப்பு வாளியில் கையை விட்டு ஒரு கை அள்ளிப் போட்டேன். மூடி வைத்தேன்.

பிள்ளைகள் வாயில் வைத்துவிட்டுத் துப்பினார்கள். வார்டன் அம்மா வந்து, "என்ன வயலட், புருசன் பொழச்ச சந்தோசத்துல கை நிக்க மாட்டேங்கோ?" என்றார்கள். வயலட், "எந் தப்புதாம்மா, ரெண்டு வாட்டி போட்டுட்டேன் போல" என்றாள். பந்தியில் போய் நின்று பிள்ளைகளிடமும் மன்னிப்புக் கேட்டாள். மோரும் ஊறுகாயும் வைத்துச் சமாளித்தோம்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

செப்டம்பர் 11, புதன்

நேற்றுப் பொய் எழுதிவிட்டேன். சந்தோசமாக இருந்தது.

செப்டம்பர் 22, ஞாயிறு

திருப்பூரிலிருந்து மகள் போன் பண்ணினாள். வந்து கூட இரும்மா என்கிறாள். பண்டிகை முடியட்டும் என்றேன். எனக்கு அன்றைக்கு வேலை இருக்கிறது.

வயலட் சாட்சி சொல்ல எழும்பும்போது நானும் எழும்புவேன். சபையாரே, அந்த வசனம் எனக்கு வந்தது, இவள் எடுத்துக்கொண்டாள், அதற்கு அப்புறம் யார் வீட்டில் சாவு விழுந்தது என்று நீங்களே பாருங்கள் என்பேன். பாத்திரம் தேய்க்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன். "என்னக்கா, ஜெபமா?" என்று கேட்டாள் வயலட். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

பண்டிகை வரைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. ஸ்டோர் ரூமில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தோம். நான் சுளகைக் கீழே வைத்தேன்.

"ஏட்டி வயலட். புத்தாண்டு அன்னைக்கு எனக்கு வந்த அட்டை மாதுளம்பழம்."

அவள் மறுப்பாள் என்று நினைத்தேன். அதற்குப் பதிலும் வைத்திருந்தேன். அவள் சுளகில் இருந்த கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முடித்தாள். அப்புறம், "ஆமாக்கா" என்றாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்."

அவளே சொன்னாள்.

"நவம்பர்ல அவியளுக்கு நெஞ்சுவலி வந்துச்சுல்லா. நான் பயந்துபோய் இருந்தேன். ஒங்க அட்டைய வாசிச்சதும் எனக்கு அதக் குடுக்கக் கை வரல. நீங்க கண்ணாடி கொண்டுவரலன்னு தெரியும். ஆட்டுக்குட்டியத் தந்துட்டேன். அண்ணன் நல்லா கல்லு மாதிரி இருக்காவ, அவியளுக்கு என்ன வரப்போவுதுன்னு நெனச்சேன் யக்கா. அண்ணன் செத்த அன்னைக்கு நான் விழுந்து விழுந்து அழுதேன்லா. ஒங்களுக்காவ அழல. பயத்துல அழுதேன்."

"சாட்சி வேற சொல்லப்போறியோ?"

"சத்தமா சொன்னா எனக்கே அது எங்க வசனம்னு ஆயிரும்னு பாத்தேன்."

சாயங்காலம் என் வாசலுக்கு வந்தாள். அட்டையைக் கத்தியால் சுரண்டி எடுத்திருக்கிறாள், ஒரு மூலை கிழிந்துவிட்டது. நீட்டினாள். நான் வாங்கியிருக்கக் கூடாது. வாங்கினேன். டிரங்குப் பெட்டியில் அத்தானுடைய வேட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

செப்டம்பர் 30, திங்கள்

வயலட் ஐயரிடம் போய்ச் சாட்சி சொல்லவில்லை என்று சொல்லிவிட்டாளாம். காரணம் சொல்லவில்லையாம்.

எனக்குத் திருப்தியாக இருந்தது. மத்தியானம் வரைக்கும்.

இப்போதெல்லாம் அடுப்பு மூட்டும்போது, "நீங்க ஜெபம் பண்ணுங்கக்கா" என்கிறாள். எனக்கு வார்த்தை வராது. இரண்டு பேரும் சும்மா கண்ணை மூடி நின்றுவிட்டு அடுப்பை மூட்டுகிறோம்.

அக்டோபர் 5, சனி

அறுப்பின் பண்டிகைக்கு வீடு வீடாகப் போய்க் காய்கறி, தேங்காய், நெல் வாங்கவேண்டும். சபைப் பெண்கள் சங்கத்தில் எனக்குக் கடைசித் தெரு கொடுத்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது.

தெருக்கோடியில் டெய்லர் வீடு. டெய்லர் மருமகள் ஷைனிக்கு மார்ச்சில் ஐந்து மாதப் பிள்ளை இறந்துபோனது. காய்ச்சல்தான். அடக்கத்துக்கு நான் போகவில்லை, மகள் வீட்டில் இருந்தேன். அதற்கப்புறம் அந்தப் பெண் கோயிலுக்கு வருவதில்லை. போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஒரு பூசணிக்காயைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். அதை வாங்கும்போது நிலைக்கு மேலே பார்த்தேன்.

மாதுளம்பழம். அதே வசனம். ஒரு எழுத்து மாறவில்லை.

"ஏட்டி, இது எப்ப எடுத்தது?"

"இந்தப் புத்தாண்டுக்குத்தான் அத்த."

"நீ இதக் கழட்டலியா?"

"கழட்டுனா பெயிண்டு உரியும்னு மாமா சொன்னாவ." அப்புறம் அட்டையை அண்ணாந்து பார்த்து, "பிள்ளைக்குன்னு நெனச்சிருந்தேன். இப்ப யாருக்குன்னு தெரியல. கெடக்கட்டும்" என்றாள்.

பூசணிக்காயைச் சாக்கில் போட்டேன். போட்டேனா வைத்தேனா தெரியவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

திருவிருந்துக்கு நான் போகவில்லை. என் பக்கத்தில் வயலட்டும் போகவில்லை. எங்கள் பெஞ்சில் மட்டும் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். எல்லாரும் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

ஆராதனை முடிந்து கோயிலைப் பெருக்குகிற தாசையாவிடம் கேட்டேன். "பெட்டிக்கு நூறு அட்டைதாம்மா. நமக்கு நூத்தி எம்பது குடும்பம்லா. அதான் ரெண்டு பெட்டி வாங்குவோம். ஒவ்வொரு வசனமும் ரெண்டு இருக்கும்" என்றார். "எதுக்குக் கேக்கிய?"

"சும்மாதான்."

ஒன்று டெய்லர் வீட்டுக்குப் போயிருக்கிறது. ஒன்று வயலட் வீட்டுக்கு. அங்கே பிள்ளை செத்தது. இங்கே புருஷன் பிழைத்தார். எங்கள் வீட்டில் ஒட்டியிருந்தாலும் என்ன நடந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

எனக்கு ஆறுதல் வரவேண்டும். வரவில்லை. அத்தான் உயிரே திருட்டுப் போயிருந்தால் திருடினவளைக் கேட்கலாம். யாருமே எடுக்கவில்லை என்றால் நான் யாரைப் போய்க் கேட்க?

அக்டோபர் 10, வியாழன்

கோயில்பிள்ளைக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். வயலட் தலைகூட வாராமல் என் வாசலில் வந்து நின்றாள்.

"யக்கா, அந்த அட்டைய ஒரு ரெண்டு நாளைக்குத் தாங்க. காய்ச்சல் விட்டதும் திருப்பித் தந்துருதேன். ஒங்க கால்ல வேணும்னாலும் விழுதேன்."

"டாக்டர்ட்ட காமிச்சியா?"

"காமிச்சேன். சளிக் காய்ச்சல்தான்னு மாத்திர குடுத்தாவ. எனக்கு நம்பிக்கை இல்லக்கா. நான் களவாண்டு வச்சிருந்த உயிருல்லா அது. நீங்க திருப்பி வாங்கிட்டிய. இனி நிக்காது."

ஒரே வார்த்தை போதும். ஷைனி வீட்டு வாசலைப் போய்ப் பாரு என்று சொன்னால் போதும். என் வாயில்தான் இருந்தது.

"பெட்டிச் சாவிய எங்கயோ வச்சிட்டேன். தேடிப் பாக்கேன்" என்றேன்.

சாவி என் தாலிக்கொடி இருந்த இடத்தில், கழுத்துக் கயிற்றில்தான் கிடக்கிறது.

அக்டோபர் 11, வெள்ளி

ஏன் சொல்லவில்லை என்று நாள் முழுக்க யோசித்தேன். ஆண்டவர் படிக்கிறார் என்றால் படிக்கட்டும். அவள் பயப்படுகிற வரைக்கும் நான் தனியாக இல்லை. புருஷனும் இருந்து நிம்மதியும் இருந்தால் அவளிடம் எல்லாமே இருக்கும். என்னிடம் என்ன இருக்கும்?

அக்டோபர் 12, சனி

காலையில் அடுப்புக்கு முன்னால் நின்றோம். "நீங்க பண்ணுங்க" என்றாள். நான் "ஆண்டவரே" என்று ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தை வரவில்லை. இதை உள்ளே வைத்துக்கொண்டு அவரிடம் என்னத்தைச் சொல்ல? கண்ணைத் திறந்தேன்.

"ஏட்டி, சாவி தொலையல."

அவள் பார்த்தாள்.

"டெய்லர் வீட்லயும் மாதுளம்பழம்தான் ஒட்டியிருக்கு. அதே வசனம். ரெண்டு பெட்டி வாங்கியிருக்காவ, ரெண்டு ரெண்டா இருக்கு. அந்த வீட்ல பிள்ள செத்துப்போச்சு. உயிரு அட்டையில இல்லட்டி. நீ எதையும் களவாங்கல. அட்டைய வேணும்னா களவாண்ட."

"என்னத் தேத்துறதுக்குச் சொல்லுதிய."

"ஒன்னத் தேத்த எனக்கென்ன வந்துச்சு? நான் ஒரு வாரமா தெரிஞ்சும் சொல்லாம இருக்கேன். இன்னொண்ணும் கேளு. அன்னைக்குச் சாம்பார்ல ரெண்டாவது உப்பப் போட்டது நான்தான்."

அவள் வாயைப் பிளந்தாள். "அடப் பாவி யக்கா! எனக்குப் புத்தி பெரண்டுட்டுன்னு நெனச்சிட்டு ஒரு மாசமா உப்புப் போட்டா சுவத்துல கரிக்கோடு போடுதேன், பாருங்க!"

சுவரில் நிஜமாகவே கோடு கோடாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. அப்புறம் அவள் அழுதாள். வார்டன் அம்மாவிடம் உப்பு விசயத்தை நானே போய்ச் சொன்னேன். "இந்த வயசுல இது என்ன வேல சொர்ணபாய்?" என்றார்கள்.

மத்தியானம் வயலட்டைக் கடைசித் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் தன் கண்ணால் பார்க்கவேண்டும். நிலையைப் பார்த்தபடியே நின்றாள். ஷைனி வெளியே வந்து, "என்ன அத்த, ரெண்டு பேரும் இதையே பாக்கிய?" என்றாள். வயலட் யோசிக்காமல், "எங்க வீட்லயும் இதே வசனம்தான் இருந்துச்சு தாயி" என்று சொல்லிவிட்டாள்.

ஷைனியின் முகம் மாறுவதைப் பார்த்தேன். எனக்கு அந்த முகம் தெரியும்.

"அப்போ கோயில்பிள்ளை மாமா பொழச்சது இதனாலயா? எங்க வீட்ல மட்டும் ஏன் பலிக்கல?"

வயலட்டுக்கு வார்த்தை வரவில்லை. அவளுக்கா வராது! நான்தான் சொல்லவேண்டியதாயிற்று.

"இதனால இல்லம்மா. ஒன் பிள்ள போனதும் இதனால இல்ல. நீ ஜெபத்துல எந்தக் கொறையும் வைக்கல. எங்க வீட்டு அத்தானுக்கும் சேத்துத்தான் எல்லாரும் ஜெபிச்சாவ, அவிய போயிட்டாவ. எதனாலன்னு எங்க யாருக்கும் தெரியாது. ஐயருக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி யாராவது பேசுனா எங்கிட்ட வா."

இதெல்லாம் என் வாயிலிருந்துதான் வந்தது. மூன்று மாதமாக யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தை. ஷைனி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நாங்களும் உட்கார்ந்தோம். போர்டிங்கில் சாயங்காலக் காப்பி அரைமணி பிந்திவிட்டது.

அட்டையை எடுத்துத் தரட்டுமா என்று வழியில் வயலட்டிடம் கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

அறுப்பின் பண்டிகை. ஆல்டருக்கு முன்னால் வாழைத்தாரும் இளநீரும் குவிந்திருந்தன. ஐயர், "யாராவது ஸ்தோத்திரம் சொல்ல விரும்புறீங்களா?" என்று கேட்டார். வயலட் எழும்பினாள்.

"எம் புருசன் பொழச்சிருக்காவ. ஏன்னு எனக்குத் தெரியாது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றாள். உட்கார்ந்துவிட்டாள். "இவ்வளவுதானா? இதுக்கா எழும்புனா?" என்று பின்பெஞ்சில் கிசுகிசுத்தார்கள்.

பண்டிகைக்கும் திருவிருந்து உண்டு. நான் எழும்பினேன். மனசில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழும்பவில்லை. வயலட்டுக்குத் துவைக்க இரண்டு பேர் துணி இருக்கிறது, நினைத்தால் இன்னும் எரிகிறது. ஆனால் அவளிடம் மறைக்க எதுவும் மிச்சமில்லை. அதோடு போய் முழங்காலில் நின்றேன். கையை நீட்டினேன். தந்தார்கள்.

ஷைனி வரவில்லை. அவள் மாமனார் மட்டும் வந்திருந்தார்.

வெளியே சாப்பாட்டுப் பந்திக்கு நிற்கும்போது கோயில்பிள்ளை வேப்பமரத்தடியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றார். மெலிந்து போயிருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

அவரைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, ஏன் நீ, ஏன் அவர் இல்லை என்பதுதான். இன்றைக்கும் அதுதான் முதலில் வந்தது. நாளைக்கும் அதுதான் வரும் என்று நினைக்கிறேன்.

அது போகட்டும் என்று கொஞ்சம் நின்றேன். போகவில்லை. அதற்குப் பின்னால் இன்னொரு வார்த்தையும் நின்றது. அதைச் சொன்னேன்.

"காய்ச்சல் விட்டுட்டா தம்பி?"

"விட்டுட்டு மைனி. ராத்திரி நல்லா ஒறங்குனேன்."

"வெயில்ல நிக்காதிய. போய் மொதப் பந்தியில உக்காருங்க" என்றேன்.